வீட்டுச் சர்வருக்கு வாங்கும் வன்தட்டைச் சோதித்து மதிப்பிடுவது: முழுமையான வழிகாட்டி

வீட்டுச் சர்வருக்கென வன்தட்டு வாங்குபவர்களில் பெரும்பாலோர் பெட்டியைப் பிரித்ததும் தட்டை மாட்டி, தட்டு தன் நிலையைத் தானே கண்காணித்துத் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் ‘பாஸ்டு’ என்ற சொல் தெரிந்த மாத்திரத்தில் தரவை ஏற்றத் தொடங்கிவிடுகிறார்கள். தயாரிப்பாளர் வைத்த மிகத் தாராளமான வரம்பு எதுவும் இன்னும் மீறப்படவில்லை என்பதற்கு மேல் அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை. தரவைத் தாங்கும் சிறு கூறுகளான செக்டார்கள் நூற்றுக்கணக்கில் பழுதான தட்டுகூட அதே சொல்லைக் காட்டும்.

ஒரு முறை மட்டும் படித்த ஸ்மார்ட் எண்ணை வைத்து ஒரு தட்டை நல்லதென்றோ கெட்டதென்றோ தீர்மானிக்க முடியாது. தட்டின் மேல் முழுப் பளுவை ஏற்றி, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பதிவுகளை ஒப்பிட்டால்தான் ஓரளவு தெளிவு கிடைக்கும். கீழே உள்ள படிகளின் வரிசை இதை ஒட்டியே அமைந்தது. ஆகவே நடுவில் ஒன்றைத் தாண்டினால் அடுத்ததன் பயன் குறையும். இங்கே சொல்லப்படுவது சாட்டா என்ற இணைப்பு வகையுடைய 3.5 அங்குலத் தட்டுகளுக்கும் லினக்ஸ் கணினிக்கும் உரியது. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற மென்பொருள்கள் ஸ்மார்ட் எண்களைக் காட்டும். படிகளின் வரிசை அங்கும் இதுதான்.

1. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

மதர்போர்டிலேயே சாட்டா இணைப்பு உள்ள ஒரு பழைய கணினி போதும். தட்டை வெளியே செருகும் யுஎஸ்பி டாக்கில் வைத்துச் சோதிப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். அவற்றில் உள்ள பாலச் சிப்புகளில் சில ஸ்மார்ட் தகவலைக் கடத்துவதே இல்லை. வேறு சில, சற்று நேரம் தரவுப் போக்குவரத்து இல்லையென்றால் தட்டை உறங்க வைத்துவிடுவதால், பல மணி நேரம் ஓட வேண்டிய சோதனை பாதியில் அறுந்துபோகும்.

கணினியின் ரேமை முதலில் மெம்டெஸ்ட்86+ கொண்டு ஓர் இரவு முழுவதும் சோதித்துவிட வேண்டும். பழுதான ரேம், எழுதிய தரவுக்கும் படித்த தரவுக்கும் வேறுபாடு இருப்பதாகக் காட்டும். குற்றம் தட்டின் மேல் விழும். புதிய சாட்டா கேபிள் ஒன்றும் இதே காரணத்துக்காகத் தேவை.

பெரிய தட்டு ஒன்றின் முழுச் சோதனை நாள்கணக்கில் ஓடும். மின்வெட்டு வழக்கமாக உள்ள ஊரில் யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்குவதில் பொருளில்லை. தட்டின் மேல் நேராகக் காற்று வீச ஒரு சிறு விசிறியும் வேண்டும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, டெபியன் லைவ் யுஎஸ்பி ஒன்றில் ஸ்மார்ட் எண்களைப் படிக்கும் ஸ்மார்ட்மான்டூல்ஸ், தட்டில் எழுதிப் படித்துப் பார்க்கும் பேட்பிளாக்ஸ், தொலை இணைப்பு அறுந்தாலும் கட்டளையை ஓட விடும் டிமக்ஸ் ஆகிய மூன்றும் இருந்தால் போதுமானது. தரவு உள்ள வேறு எந்தத் தட்டும் அந்தக் கணினியில் மாட்டியிருக்கக் கூடாது. எஸ்டிஏ, எஸ்டிபி என லினக்ஸ் சூட்டும் பெயர்கள் ஒவ்வொரு முறை கணினியை இயக்கும்போதும் மாறக்கூடியவை. நேற்று எஸ்டிபி என்றிருந்த தட்டு இன்று எஸ்டிஏ ஆகியிருக்க, அழிக்கும் கட்டளை குடும்பப் படங்கள் உள்ள தட்டின் மேல் ஓடிவிடும் விபத்து புதியவர்களிடம் அடிக்கடி நடக்கிறது. வரிசை எண்ணோடு கூடிய முழுப் பெயரைப் பயன்படுத்துவது நல்ல பழக்கம். மற்ற தட்டுகளைக் கழற்றி வைப்பது அதைவிட நல்லது.

2. பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் பார்க்க வேண்டியது தட்டு சிஎம்ஆர் வகையா எஸ்எம்ஆர் வகையா என்பது. சிஎம்ஆர் தட்டில் தரவுத் தடங்கள் தனித்தனியே இருக்கும். எஸ்எம்ஆர் தட்டில் தடங்கள் ஓட்டு வேய்ந்ததுபோல் ஒன்றன் மேல் ஒன்று படிந்திருப்பதால், ஓரிடத்தில் மாற்றி எழுத அண்டைத் தடங்களையும் திரும்ப எழுத நேர்கிறது. தொடர்ந்து எழுதும்போது வேகம் சரிந்துவிடும். பல தட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் ரெய்டில் ஒரு தட்டு பழுதாகி மாற்றுத் தட்டை நிரப்பும் வேலை நாள்கணக்கில் இழுக்கும். வலையமைப்புச் சேமிப்பகத்துக்கு உரியது என்ற பொருளில் ‘நாஸ்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி இதைச் சரிபார்க்காமல் விடக் கூடாது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ரெட் வரிசையிலேயே 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாதிரிகள் எஸ்எம்ஆர் வகை என்பது 2020-இல்தான் வெளிப்பட்டது. அதன் பிறகே சிஎம்ஆர் தட்டுகளுக்கு ரெட் பிளஸ் என்ற பெயர் வந்தது. மாதிரி எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும்.

அடுத்தது எம்டிபிஎஃப் எண், அதாவது பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம். 10 லட்சம் மணி நேரம் என்று தரவுத்தாளில் போட்டிருந்தால், அந்தத் தட்டு 114 ஆண்டுகள் உழைக்கும் என்று பொருளல்ல. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதை 10 லட்சத்தால் வகுத்தால் ஏறத்தாழ 0.88 சதவீதம். அதாவது ஆயிரம் தட்டுகளை ஓராண்டு ஓட்டினால் ஒன்பது பழுதாகலாம் என்பதே அந்த எண்ணின் பொருள். வீட்டில் உள்ள நான்கு தட்டுகளின் தலைவிதியைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

இணையவழிக் காப்புநகல் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் தரவு மையங்களில் ஓடும் தட்டுகளின் பழுது விகிதத்தை மாதிரி வாரியாக வெளியிட்டு வருகிறது. பயனுள்ள தகவல்தான், படிப்பதில்தான் தவறு நேர்கிறது. ஒரு மாதிரியில் 60 தட்டுகள் மட்டும் 91 நாள் ஓடியிருந்தால் மொத்தம் 5,460 தட்டு நாட்கள். அதில் ஒன்று பழுதானால் ஆண்டு விகிதம் 6.7 சதவீதம், இரண்டு பழுதானால் 13.4, எதுவும் பழுதாகாவிட்டால் சுழியம். ஒரேயொரு தட்டின் நல்லூழ் தீயூழால் இத்தனை ஆடும் எண்ணை வைத்து மாதிரியைத் தேர்வது வீண். லட்சக்கணக்கான தட்டு நாட்கள் சேர்ந்த வரிசைகளை மட்டும் பார்க்க வேண்டும். அங்கும் ஒரு சதவீதத்துக்கும் ஒன்றரைக்கும் உள்ள வேறுபாட்டை நான் பொருட்படுத்துவதில்லை.

திருப்பிக் கொடுப்பதற்கான கெடு எத்தனை நாள் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்க வேண்டும். முழுச் சோதனைக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால், மூன்று நாள் கெடு தரும் கடையில் வாங்கிய தட்டில் பழுது கண்டுபிடித்தாலும் பயனில்லை. சென்னை ரிச்சி தெருவில் பழைய தட்டு வாங்குபவர்கள் இதைப் பேரம் பேசும்போதே பேசி முடித்துவிட வேண்டும். வாரண்டி பெரும்பாலும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டு, இந்த நாட்டில் அது செல்லுமா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு தட்டுகள் தேவையென்றால் இரண்டு கடைகளில் பிரித்து வாங்குவது, ஒரே தயாரிப்புத் தொகுதியின் குறை எல்லாவற்றையும் ஒருசேரத் தாக்குவதைத் தவிர்க்கும்.

3. பெட்டியைப் பிரிப்பதும் முதல் மின்னிணைப்பும்

உறையின் நிலையைப் பிரிப்பதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மெல்லிய குமிழ் உறையில் மட்டும் சுற்றி வந்த தட்டு, சோதனையில் தேறினாலும் என் கணக்கில் சந்தேகத்துக்குரியது. வழியில் விழுந்த அடியின் விளைவு பல வாரங்கள் கழித்தும் வெளிப்படலாம். பிறகு வரிசை எண், தயாரிப்புத் தேதி இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மின்னிணைப்பு கொடுத்தும் தட்டு சுழலவே இல்லையென்றால் உடனே ‘செத்த தட்டு’ என்று முடிவு கட்டக் கூடாது. புதிய சாட்டா விதிப்படி மின்னிணைப்பின் மூன்றாம் முள் தட்டை அணைப்பதற்கானது. பழைய பவர் சப்ளைகள் அதே முள்ளில் 3.3 வோல்ட் அனுப்புவதால் தட்டு எழாமலே கிடக்கும். யுஎஸ்பி பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த தட்டுகளிலும் சர்வர் தட்டுகளிலும் இது அதிகம். அந்த முள்ளின் மேல் மின்கடத்தாத காப்டன் நாடா ஒட்டினால் தீரும். இதற்காக பழைய மோலக்ஸ் மின்னிணைப்பைச் சாட்டாவாக மாற்றும் மலிவான வார்ப்பு அடாப்டரைப் போடுபவர்கள் உண்டு. அவை உள்ளே உருகித் தீப்பிடிக்கக்கூடியவை.

ஒலியையும் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் மீண்டும் மீண்டும் ‘டக், டக்’ என்று அடித்துவிட்டுச் சுழற்சி நின்றுபோனால் பழுது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பெரிய ஹீலியம் தட்டுகள் சும்மா இருக்கும்போது ஐந்து நொடிக்கொரு முறை மெல்லத் தட்டும் ஒலி எழுப்புவது இயல்பு. தலைப்பகுதி ஒரே இடத்தில் தேயாமலிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. இதைப் பழுதென்று நினைத்து நல்ல தட்டைத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. முதல் பதிவை எடுப்பதும் எண்களைப் படிப்பதும்

எந்தச் சோதனையையும் தொடங்கும் முன், ஸ்மார்ட்மான்டூல்ஸில் உள்ள ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையைச் சிறிய எழுத்து ‘எக்ஸ்’ விருப்பத்துடன் இயக்கி, வரும் முழு வெளியீட்டையும் வரிசை எண்ணைப் பெயராகக் கொண்ட கோப்பில் சேமிக்க வேண்டும். பின்னால் ஒப்பிடப்போவது இதனோடுதான். இதைச் சேமிக்காமல் சோதனைக்குத் தாவுவதுதான் நான் மிகுதியும் காணும் தவறு. கடைசியில் மூன்று மாற்றப்பட்ட செக்டார்கள் தெரியும்போது, அவை வரும்போதே இருந்தனவா இப்போது வந்தனவா என்பது யாருக்கும் தெரியாது.

அறிக்கையில் முப்பது வரிகள் இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவை சிலவே. 5-ஆம் எண், பழுதாகி மாற்று இடத்துக்கு அனுப்பப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டார்கள். 198, தட்டு தன்னைத் தானே சோதித்தபோது மீட்க முடியாதவை. 187, சரிசெய்ய முடியாமல் கணினிக்கு அறிவிக்கப்பட்ட பிழைகள். எல்லாத் தயாரிப்பாளரும் இதைத் தருவதில்லை. புதிய தட்டில் இவை அனைத்தும் சுழியமாக இருக்க வேண்டும். ‘ரா வேல்யூ’ என்ற கடைசி நிரலைத்தான் படிக்க வேண்டும். முன்னால் 100, 200 என்று நிற்பவை தயாரிப்பாளர் தன் போக்கில் மாற்றித் தரும் மதிப்பெண்கள்.

199-ஆம் எண் வேறு வகை. அது தட்டுக்கும் கணினிக்கும் இடையிலான பாதையில் நேர்ந்த பிழைகளை எண்ணுகிறது. பெரும்பாலும் கேபிளோ தளர்ந்த இணைப்போ காரணம். ஒரு முறை ஏறினால் இறங்காது என்பதால், பழைய தட்டில் அது 40 என்றிருப்பது பொருட்டல்ல. சோதனையின் போது 41 ஆனால்தான் கேபிளை மாற்ற வேண்டும்.

சீகேட் தட்டுகளைப் பார்க்கும் புதியவர்கள் 1-ஆம் எண்ணிலும் 7-ஆம் எண்ணிலும் கோடிக்கணக்கான ‘பிழைகளை’க் கண்டு திகைத்துப் போகிறார்கள். அந்த 48 பிட் எண்ணின் மேல் 16 பிட்டுகளே பிழைகளின் எண்ணிக்கை. கீழே உள்ள 32 பிட்டுகள் செய்த செயல்களின் எண்ணிக்கை. ஆகவே மதிப்பு 4,29,49,67,296-க்குக் கீழே இருந்தால் பிழை சுழியம். அதே தட்டில் 188-ஆம் எண், அதாவது கட்டளைக்குத் தாமதமான பதில், 4295032833 என்று தெரிந்தால் அதுவும் நானூறு கோடி அல்ல. மூன்று தனித்தனி எண்ணிகளை ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் இருப்பது 1 மட்டுமே. கடையில் வாதாடப் போவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது மானத்தைக் காக்கும்.

5. புதியது என்ற பெயரில் வந்த பழையது

9-ஆம் எண் தட்டு ஓடிய மணி நேரம். புதிய தட்டில் ஒன்றோ இரண்டோ இருக்கலாம். ஆனால் இந்த எண்ணியைச் சுழியமாக்க முடியும் என்பதை மறக்கக் கூடாது. 2025 தொடக்கத்தில், ஜெர்மனியில் புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் எக்ஸோஸ் தட்டுகள் உண்மையில் பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை என்பது வெளிப்பட்டது. ஸ்மார்ட் எண்ணி துடைக்கப்பட்டிருந்தாலும், சீகேட் தட்டுகள் தமக்குள் வைத்திருக்கும் ஃபார்ம் என்ற தனிப் பதிவு காட்டிக்கொடுத்துவிட்டது.

ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 பதிப்பு முதல் இந்தப் பதிவைப் படிக்கலாம். சிறிய எழுத்து ‘எல்’ விருப்பத்தோடு ஃபார்ம் என்று கொடுக்க வேண்டும். அதில் வரும் ஓடிய நேரம் 9-ஆம் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். மற்றத் தயாரிப்பாளர்களின் தட்டுகளில் இது இல்லை. அவற்றில் முதல் பதிவின் சாதனப் புள்ளிவிவரப் பகுதியில் மொத்தம் எழுதப்பட்ட செக்டார்கள் எவ்வளவு என்று பார்க்கலாம். நான்கு மணி நேரம் ஓடியதாகச் சொல்லும் தட்டு 200 டெராபைட் எழுதியிருந்தால் மேற்கொண்டு விசாரிக்க எதுவுமில்லை. திருகாணித் துளையின் ஓரங்களிலும் இணைப்பு முள்களிலும் உராய்ந்த தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பதும் உதவும்.

6. குறுஞ்சோதனையும் நெடுஞ்சோதனையும்

குறுஞ்சோதனை சுமார் இரண்டு நிமிடம். மின்பகுதி, இயந்திரப் பகுதி, தட்டின் ஒரு சிறு பரப்பு ஆகியவற்றை மட்டும் பார்க்கும். இதில் தோற்கும் தட்டை அப்போதே பெட்டியில் வைத்துவிடலாம். தேறியதற்குப் பெரிய பொருள் இல்லை.

நெடுஞ்சோதனை தட்டின் முழுப் பரப்பையும் படிக்கிறது. எத்தனை நிமிடம் ஆகும் என்பதை முதல் பதிவிலேயே தட்டு சொல்லியிருக்கும். 8 டெராபைட் தட்டுக்கு அரை நாளோ சற்றுக் கூடுதலோ ஆகும். எழுதும் சோதனைக்கு முன்பே இதை ஓட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. படிக்க முடியாத செக்டார் ஒன்றின் மேல் புதிதாக எழுதினால், அந்த எழுத்து வெற்றி பெற்றவுடன் 197-ஆம் எண் மீண்டும் சுழியமாகிவிடும். முதலில் எழுதிவிட்டால், தட்டு வந்தபோதே இருந்த குறை தடயமின்றி மறைந்துபோகலாம்.

இந்தச் சோதனை தட்டுக்குள்ளேயே நடப்பதால் கணினித் திரையில் எதுவும் ஓடாது. கட்டளை கொடுத்ததும் முடிந்துவிட்டதுபோல் தோன்றும். பொறுமையிழந்து கூடவே எழுதும் சோதனையையும் தொடங்குபவர்கள் உண்டு. கணினியின் வேலைக்கு முதலிடம் கொடுத்துத் தட்டு தன் சோதனையை ஒத்திப்போட்டுக்கொண்டே இருக்கும். அது முடியவே முடியாது. முடிந்த பின் சோதனைப் பட்டியலில் ‘பிழையின்றி நிறைவு’ என்ற பொருளுடைய வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘இடையில் நிறுத்தப்பட்டது’ என்றிருந்தால் தட்டு தேறவும் இல்லை, தோற்கவும் இல்லை. உறக்க அமைப்பை அணைத்துவிட்டு மீண்டும் ஓட்ட வேண்டும். படிப்பதில் தோல்வி என்றும், அதனருகே ஒரு செக்டார் எண்ணும் இருந்தால் புதிய தட்டைத் திருப்பிவிடலாம்.

7. முழுப் பரப்பிலும் எழுதிப் படித்தல்

நாள்கணக்கில் நேரத்தைப் பிடிப்பது இந்தப் படிதான். பேட்பிளாக்ஸ் கட்டளையைச் சிறிய எழுத்து ‘டபிள்யூ’ விருப்பத்தோடு இயக்கினால், நான்கு வெவ்வேறு பிட் வடிவங்களைத் தட்டு முழுவதும் எழுதி, ஒவ்வொரு முறையும் திரும்பப் படித்து ஒப்பிடும். தட்டில் இருப்பவை அனைத்தும் அழியும் என்பதைக் கட்டளையைத் தட்டச்சு செய்வதற்கு முன் ஒரு தடவை சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த விருப்பத்தை விட்டுவிட்டால் கட்டளை படிக்க மட்டுமே செய்யும். எதையும் எழுதிச் சோதித்திருக்காது.

நான்கு முறை எழுதி நான்கு முறை படிப்பது என்றால் தட்டின் மேல் எட்டு முழு ஓட்டங்கள். சராசரியாக நொடிக்கு 150 மெகாபைட் வேகம் என்று கொண்டால், 8 டெராபைட் தட்டுக்கு ஓர் ஓட்டம் ஏறத்தாழ 15 மணி நேரம். மொத்தம் ஐந்து நாட்கள். 16 டெராபைட் தட்டுக்கு ஒரு வாரத்துக்கும் மேல். கெடு குறைவாக இருந்தால் ஒரே வடிவத்தை மட்டும் எழுதிப் படிக்கச் சொல்லலாம். அப்போது இரண்டு ஓட்டங்களே. பெரிய தட்டுகளுக்கு ஒரு வடிவமும் அடுத்து ஒரு நெடுஞ்சோதனையும் போதும் என்பதே என் கருத்து. நான்கு வடிவங்களின் பெரும்பயன், தட்டு நீண்ட நேரம் உழைப்பதும் அதில் வெப்பம் ஏறுவதும்தான். எந்த வடிவம் என்பது அவ்வளவு முக்கியமல்ல.

பிளாக் அளவை 4096 என்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 1024 எடுத்துக்கொள்ளும். கட்டளை 32 பிட்டுக்கு மேல் பிளாக்குகளை எண்ணாது என்பதால், 18 டெராபைட்டும் அதற்கு மேலும் உள்ள தட்டுகளில் 4096 கொடுத்தாலும் பிழை காட்டி நின்றுவிடும். அப்போது 8192 கொடுத்தால் ஓடும். இதைப் பார்த்துத் தட்டு பழுது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

டிமக்ஸ் உள்ளே ஓட்டுவது கட்டாயம். மடிக்கணினியிலிருந்து தொலைவழியே நுழைந்து நேரடியாகக் கட்டளை கொடுத்தால், மடிக்கணினி உறங்கும் நொடியில் மூன்று நாள் வேலை அறுந்துவிடும். அறுந்தாலும் கடைசியாகக் காட்டிய பிளாக் எண்ணைக் குறித்து வைத்திருந்தால், அங்கிருந்து தொடங்கச் சொல்ல முடியும்.

திரையில் முன்னேற்றத்தோடு சாய்கோட்டால் பிரித்த மூன்று எண்கள் நிற்கும். முதலாவது படிக்கும் பிழை, இரண்டாவது எழுதும் பிழை, மூன்றாவது ஒப்பீட்டுப் பிழை. முதல் இரண்டும் பெரும்பாலும் தட்டின் குற்றம். மூன்றாவது மட்டும் ஏறினால், பிழை எதையும் அறிவிக்காமல் தவறான தரவு திரும்பி வந்திருக்கிறது என்று பொருள். தட்டைவிட ரேம், தட்டைக் கணினியோடு இணைக்கும் கண்ட்ரோலர் ஆகியவற்றின் மேல்தான் சந்தேகம் திரும்ப வேண்டும். ரேமை முன்பே சோதித்தவர்களுக்கு இங்கே பாதி வேலை மிச்சம். லினக்ஸின் மையமான கர்னல் எழுதும் பதிவையும் பார்க்க வேண்டும்: ஐசிஆர்சி என்ற எழுத்துகள் வந்தால் கேபிள், யுஎன்சி என்று வந்தால் தட்டின் பரப்பு.

ஓட்டத்தின் தொடக்கத்தில் இருந்த வேகம் முடிவில் ஏறக்குறைய பாதியாகக் குறையும். தட்டின் வெளிவட்டத்தில் தொடங்கி உள்வட்டத்துக்குச் செல்வதால் ஏற்படும் இயல்பான சரிவு இது. படிப்படியாகக் குறையாமல் இடையிடையே திடீரென விழுந்து எழுந்தால்தான் ஆராய வேண்டும்.

இந்தச் சோதனையால் பிடிபடாத மோசடி ஒன்று உண்டு. எல்லா இடத்திலும் ஒரே வடிவம் எழுதப்படுவதால், கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் யுஎஸ்பி சாதனம் இதில் தேறிவிடக்கூடும். மலிவு விலையில் வாங்கிய வெளித்தட்டுகளுக்கு எஃப்3 போன்ற, இடத்துக்கு இடம் வேறு தரவு எழுதும் கருவி வேண்டும்.

8. சோதனையின் போது வெப்பம்

மேசையில் காற்றோட்டமின்றிக் கிடக்கும் தட்டு, தொடர்ந்து எழுதும்போது 55 டிகிரியைத் தொடுவது சாதாரணம். சென்னை மே மாதத்தில் அறையே 35 டிகிரிக்கு மேல் இருக்கும்போது கேட்கவே வேண்டாம். பல தட்டுகளின் தரவுத்தாள் 60 அல்லது 65 டிகிரி வரை அனுமதித்தாலும், 45-க்குள் வைத்துச் சோதிப்பதே சரி. 55-ஐத் தாண்டினால் நான் நிறுத்திவிடுவேன். அந்த நிலையில் வரும் பிழை தட்டின் குறையா சூட்டின் விளைவா என்று பிரித்தறிய முடியாது.

ஒரே விசிறியின் முன் இரண்டு மூன்று தட்டுகளைச் சேர்த்துச் சோதிக்கும்போது அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். ஒரே மாதிரித் தட்டுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஏழெட்டு டிகிரி கூடுதலாக இருந்தால், இடம் மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். வெப்பமும் கூடவே நகர்ந்தால் தட்டில் ஏதோ இருக்கிறது. மாற்றி வைப்பது தட்டு அணைந்து, சுழற்சி முழுதும் நின்ற பிறகே. சுழலும் தட்டைக் கையில் தூக்குவது, சோதனையே பழுதை உண்டாக்குவதில் முடியும்.

9. இரண்டாம் பதிவும் தீர்ப்பும்

எழுதும் சோதனை முடிந்ததும் இன்னொரு நெடுஞ்சோதனை. ஒவ்வொரு செக்டாரும் புதிதாக எழுதப்பட்டுவிட்ட நிலையில், இப்போது படிக்க முடியாமல் போகும் இடம் உண்மையான பழுது. பிறகு முதலில் போலவே முழு அறிக்கையைக் கோப்பில் சேமித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

புதிய தட்டுக்கு என் விதி கடுமையானது. 5, 187, 197, 198 ஆகியவற்றில் எது சுழியத்தை விட்டு நகர்ந்திருந்தாலும், ஒன்றே ஒன்றானாலும், திருப்பிக் கொடுக்க வேண்டும். “ஒரு செக்டார்தானே” என்று கடைக்காரர் சொல்வார். கூகுள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை தெரிந்த தட்டுகள் அடுத்த 60 நாட்களில் பழுதாகும் வாய்ப்பு, அப்பிழை இல்லாதவற்றைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். கெடு முடிந்த பிறகு அந்த வாய்ப்பு உங்கள் செலவில் வந்து சேரும்.

பழைய தட்டுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. 5-ஆம் எண் முதலிலேயே 8 என்றிருந்து, அத்தனை பளுவுக்குப் பிறகும் 8 ஆகவே நின்றால், எப்போதோ பட்ட காயம் ஆறிவிட்டது என்று கொள்ளலாம். இரண்டாம் காப்புநகலுக்கு அதை வைத்துக்கொள்ளத் தடையில்லை. அதுவே 8 என்றிருந்தது 11 ஆனால், எண் சிறியதாக இருந்தாலும் தட்டு வேண்டாம். 197-இல் முதலில் சில இருந்து, எழுதிய பின் சுழியமாகி, 5-ஆம் எண்ணும் ஏறவில்லையென்றால், மின்சாரம் போனபோது பாதி எழுதி விட்ட செக்டார்களாக இருக்கலாம். இந்த நிலையில் மட்டும் எழுதும் சோதனையை இன்னொரு முறை ஓட்டித் தீர்மானிக்க வேண்டும்.

199 ஏறியிருந்தால் கேபிளை மாற்றி, ஒரு வடிவத்தை மட்டும் மறுபடி எழுதிப் பார்க்க வேண்டும். மீண்டும் ஏறினால் வேறு சாட்டா இணைப்பில் மாட்ட வேண்டும். அங்கும் ஏறினால்தான் தட்டு.

எல்லாம் சுழியமாக வந்துவிட்டால் என்ன உறுதி? அதிகமில்லை. பேக்பிளேஸ் 2016-இல் தன் தட்டுகளை ஆராய்ந்தபோது, பழுதானவற்றில் 23.3 சதவீதம் மேற்சொன்ன நான்கு எண்களிலும் 188-லும் எந்த அறிகுறியையும் காட்டவில்லை. ஏறத்தாழ நான்கில் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் போகும். சோதனை செய்வது, தொடக்கத்திலேயே விழப்போகும் தட்டை வாரண்டியும் கெடுவும் உயிரோடிருக்கும்போதே விழ வைப்பது. காப்புநகலின் வேலையை அது செய்யாது.

10. ரெய்டில் சேர்க்கும் முன் ஒரு நேர அமைப்பு

படிக்க முடியாத செக்டாரை எத்தனை நொடி முயன்ற பின் கைவிடுவது என்பது தட்டுக்குத் தட்டு மாறும். நாஸ் தட்டுகள் வழக்கமாக 7 நொடியில் பிழையை அறிவித்துவிடும். சாதாரண மேசைக்கணினித் தட்டுகள் ஒரு நிமிடத்துக்கு மேலும் விடாமல் முயலும். லினக்ஸ் காத்திருப்பதோ இயல்பாக 30 நொடிதான். அதற்குள் பதில் வராவிட்டால், ஒரேயொரு செக்டார் குறைக்காகத் தட்டு முழுவதும் ரெய்டிலிருந்து வெளியேற்றப்படலாம்.

ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் எஸ்சிடிஇஆர்சி என்ற பதிவைக் கேட்டால் இப்போதைய அமைப்பு தெரியும். படிக்கவும் எழுதவும் 70 என்று அமைத்தால் 7 நொடி; அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு. பல தட்டுகள் அணைத்து எழுப்பியதும் இதை மறந்துவிடுவதால், கணினி எழும்போதே கட்டளை ஓடும்படி செய்ய வேண்டும். இந்த வசதியே இல்லாத தட்டென்றால் லினக்ஸின் காத்திருப்பு நேரத்தை 180 நொடியாக உயர்த்துவதே வழி.

11. ஓடத் தொடங்கிய பின்

ஸ்மார்ட்டி என்ற பின்னணிச் சேவையில் வாரம் ஒரு குறுஞ்சோதனையும் மாதம் ஒரு நெடுஞ்சோதனையும் நேரம் குறித்து வைக்க வேண்டும். டெபியனில், எம்டிஅட்மின் மென்பொருளால் அமைத்த ரெய்டின் சரிபார்ப்பு மாதத்தின் முதல் ஞாயிறும், இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் ஸ்கிரப் என்ற சரிபார்ப்பு இரண்டாம் ஞாயிறும் தானே ஓடும். நெடுஞ்சோதனை அவற்றோடு மோதாத நாளில் விழட்டும். மின்னஞ்சல் எச்சரிக்கை உண்மையில் வந்து சேருகிறதா என்று சேவையின் சோதனை விருப்பத்தைக் கொண்டு ஒரு மடல் அனுப்பிப் பார்த்துவிட வேண்டும். தட்டு பழுதான நாளில்தான் மடல் அமைப்பே வேலை செய்யவில்லை என்று தெரியவந்த வீடுகள் பல.

ஒவ்வொரு தட்டின் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை அது இருக்கும் தட்டத்தின் முகப்பில் ஒட்டி வைக்க வேண்டும். எச்சரிக்கை மடலில் வருவது வரிசை எண். கண்ணுக்குத் தெரிவதோ ஒரே மாதிரியான நான்கு கறுப்புப் பெட்டிகள். பழுதானதை விட்டுவிட்டு நல்லதை உருவிவிட்டால், ஒரு தட்டு இழப்பைத் தாங்கும் ரெய்டு அந்த நொடியே விழும்.

ஓடும் தட்டில் 5-ஆம் எண்ணோ 197-ஆம் எண்ணோ ஏறியதாக மடல் வந்தால், பலர் உறுதி செய்துகொள்வதற்காக முதலில் நெடுஞ்சோதனையைத் தொடங்குகிறார்கள். தளர்ந்த தட்டை அரை நாள் முழுவதும் படிக்க வைப்பது அதன் கடைசி வேலையாகவும் ஆகிவிடலாம். காப்புநகல் இன்றைய தேதி வரை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அதை எடுத்து முடித்த பிறகே சோதனை.

வாரண்டிக்கு அனுப்ப வேண்டிய நிலை வரும்போது, பழுதான தட்டு பெரும்பாலும் அழிக்கும் கட்டளைக்குப் பணியாது; அதிலுள்ள வங்கி ஆவணங்களோடுதான் அது வீட்டைவிட்டுப் போகும். இதற்கு அப்போது செய்ய எதுவுமில்லை. ஒன்பதாம் படி முடிந்து, முதல் கோப்பை ஏற்றுவதற்கு முன்னரே லினக்ஸின் லக்ஸ் அல்லது இசட்எஃப்எஸ் தரும் மறையாக்கத்தை அமைத்து, அதன் சாவியை அந்தச் சர்வருக்கு வெளியே இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும்.